ஆவாது என்பார் முதலாளியம்மா

முதலாளியம்மாவிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "ஆவாது". கேட்டு முடிக்கிறவரைகூடக் காத்திருக்க மாட்டார். "அம்மா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்ததுமே தலை இடமும் வலமும் ஒருமுறை ஆடும். "அதெல்லாம் ஆவாது." அவ்வளவுதான். அவர் தம் வேலையைப் பார்ப்பார். கேட்டவரும் தம் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். மாலைக்குள்ளோ மறுநாளோ கேட்ட காரியம் நடந்திருக்கும். அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. நன்றி சொல்லப் போனால் "எதுக்கு?" என்பார். நடிக்கிறார் என்று சொல்ல முடியாதபடி முகம் இருக்கும்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு பீங்கான் கம்பெனி இருந்தது. மின்சார ஃபியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் செய்வோம். முன்பக்கம் டீசலில் எரியும் பெரிய சூளை. பின்பக்கம் விறகில் எரியும் சின்னச் சூளை. செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் நான் அங்கே சூப்பர்வைசர். மண் கலவை, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு, சூளையின் வெப்பம், இவற்றைக் கவனிப்பது என் பொறுப்பு. நான் வேதியியல் படித்தவன் என்பதால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்ப்பா கெமிஸ்ட்ரி" என்பார்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. குள்ளமான உருவம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்தூளில் வெளுத்துப்போன கறுப்புச் செருப்போடு காலையிலிருந்து நடந்துகொண்டே இருப்பார். சூளையிலிருந்து வந்த பொருள் எதுவானாலும் கையில் எடுத்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். அந்தப் பழக்கம் முற்றிப்போய் டீ கிளாஸ், டிபன் பாக்ஸ், கல்யாண வீட்டுத் தட்டு எல்லாவற்றையும் சுண்டுவார். ஒருமுறை வங்கி மேலாளரின் மேசையில் காகிதத்தின் மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை பேச்சின் நடுவே அம்மா சுண்டிப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று கண்டேன். மேலாளர் பேச்சை நிறுத்திவிட்டு, "நல்லா இருக்குங்களா?" என்று கேட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் அவருடைய 'ஆவாது'வைக் கேட்டு அழுதுவிடுவார்கள். அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டு அப்படி அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சூளைக்காரர் ஏழுமலை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"அம்மா ஆவாதுன்னுட்டாங்களா?"

"ஆமாண்ணே."

"அப்ப ஆயிடும், போ. ஒண்ணும் சொல்லாம இருந்தாங்கன்னாதான் பயப்படணும்."

அம்மாவின் இந்த வழக்கம் தெரிந்த இன்னொருவர் பக்கத்துத் தேவாலயத்தின் பங்குத்தந்தை. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் வருவார். குடிலில் வைக்கப் பொம்மைகள் வேண்டும் என்பார். மாதா, யோசேப்பு, இடையர்கள், ஆடுகள், போன வருஷம் காது உடைந்த கழுதைக்குப் பதில் வேறொரு கழுதை. "ஆவாது ஃபாதர். ஃபியூஸ் கட்டைக்கே ஆளு பத்தல" என்பார் அம்மா. "சரிங்கம்மா, டீ மட்டும் சொல்லுங்க" என்பார் ஃபாதர். குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒருநாளும் இரண்டாம் முறை கேட்டதில்லை. பொம்மைகள் போய்ச் சேராத ஆண்டும் இல்லை.

நான் கேட்டது பொம்மை இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உயிரி எரிசக்தி பற்றியும் நிலைத்த தொழில்நுட்பங்கள் பற்றியும் முதுநிலைப் படிப்பை முழுக்க இணையத்திலேயே நடத்தியது. வேலையில் இருப்பவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே படிக்கலாம். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் அந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தேன். உதவித்தொகையோடு இடமும் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். செவ்வாயும் வியாழனும் நேரடி வகுப்பு. அவர்களுக்குக் காலை என்பது நமக்கு மதியம் இரண்டரை மணி. அதாவது எனக்கு வேலை நேரம். அதோடு, பிரௌசிங் சென்டரின் சத்தத்தில் பாடம் கேட்க முடியாது. தெரிந்த இடங்களில் பிராட்பேண்டு இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் எங்கள் கம்பெனி ஆபீஸில் இருந்ததுதான்.

எல்லாவற்றையும் யோசித்து, வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். முதல் வார்த்தையிலேயே நிறுத்திவிட்டார்.

"வேலை நேரத்துல படிப்பா? ஆவாது."

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆபீஸில் கம்ப்யூட்டரைக் காணோம். மண் அரைக்கும் இயந்திரத்தின் சத்தம் எட்டாத பின்னறையில் மேசை போட்டு, அதன் மேல் இருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"ஜன்னலு பக்கம் வெயிலு படுது, மிஷினு கெட்டுப்போவுமேன்னு மாத்துனேன்" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல். "ரெண்டரைலேருந்து நாலு வரைக்கும் ஏழுமலை சூளைய பாத்துக்குவான். நீ அந்தப் பக்கம் வந்து குறுக்க நிக்காத."

இரண்டு ஆண்டுகள் அந்தப் பின்னறையில் படித்தேன். கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் எடுப்பது, சாண எரிவாயுவைச் சுத்தம் செய்வது, ஒரு எரிபொருளின் நன்மை தீமையை அது விளையும் வயலிலிருந்து புகைபோக்கி வரைக்கும் கணக்குப் பார்ப்பது, இப்படிப் பாடங்கள் போயின. கூடப் படித்தவர்களில் பிரேசில் சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் இருந்தார். கென்யாவின் தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் என்னுடைய சூளையின் அளவுகளும் அவர்களுடைய ஆலைகளின் அளவுகளும் எங்களுக்குள் நன்றாகப் பழகிவிட்டன.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. எங்கள் பகுதிக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. சரியாக என் வகுப்பு நேரம். கம்பெனியில் பழைய ஜெனரேட்டர் ஒன்று உண்டு. சூளைக்குள் காற்றடிக்கும் விசிறி நின்றுபோனால் மட்டும் அதைப் போடுவோம். அதைக் கேட்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுதும் தயங்கிவிட்டுக் கேட்டேன்.

"ஒரு கம்ப்யூட்டருக்கு ஜெனரேட்டரா? ஆவாது."

வியாழனன்று இரண்டரைக்கு ஜெனரேட்டர் உறுமியது. அதன் சத்தம் என் மைக் வழியாகப் பல நாடுகளுக்கும் போயிற்று. அது என்ன சத்தம் என்று ஆசிரியை கேட்டார். டீசல் ஜெனரேட்டர் என்றேன். பசுமை எரிசக்தி வகுப்புக்கா என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தேன் என்று கேட்ட அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சிரிக்கட்டும், சிரிக்கட்டும்" என்றார். "டீசலு இல்லாம சூளை எரிக்கிறது எப்படின்னு படிக்கிறதுக்கு எந்தூட்டு டீசல எரிக்கிறேன்னு சொல்லு. இன்னும் நல்லா சிரிப்பாங்க."

ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் முதலில் மறுக்கிறார் என்று நான் நேராகக் கேட்டது ஒரே ஒரு தடவை. ஃபியூஸ் கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"சரின்னு சொன்னா நீ என் மூஞ்சையே பாத்துக்கிட்டு நிப்ப. ஆவாதுன்னா உனுக்கு வேற வழி எதுனா இருக்குதான்னு நீயே ரோசன பண்ணுவ. அதுக்குள்ள நானும் ரோசன பண்ணிக்குவேன்."

கடைசிப் பருவத்தில் ஒரு செய்முறைத் திட்டம் முடிக்க வேண்டும். உண்மையான தொழிற்கூடம் ஒன்றில், வழக்கமான எரிபொருளுக்குப் பதில் அந்தப் பகுதியின் விவசாயக் கழிவைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். அதை அந்தப் பருவத்துக்குள் கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது. கோயம்புத்தூர்ப் பக்கம் விவசாயக் கழிவிலிருந்து வாயு எடுக்கும் கலன்களைச் செய்யும் நிறுவனம் ஒன்று இருந்தது. பட்டம் இருந்தால் அங்கே வேலைக்கு எடுப்பதாக எழுதியிருந்தார்கள். எனக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. இந்த வாய்ப்பு நழுவினால் இன்னொன்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்துக் கழிவு எது என்று நான் தேடவே வேண்டியதில்லை. முந்திரி ஓடு. அதை ஒரு இரும்புக் கலனில் போட்டு, காற்றைக் குறைத்துக் கனலவிட்டால் எரியக்கூடிய வாயு வரும். அந்த வாயுவைக் குழாய் வழியாகச் சின்னச் சூளைக்குக் கொண்டுபோய் எரிப்பது என் திட்டம். லேத்துப் பட்டறையில் பழைய டிரம்மை வெட்டிக் கலன் செய்தாயிற்று. சின்னச் சூளையும் ஓடும்தான் பாக்கி. அம்மாவின் தம்பிக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் முந்திரி உடைத்து, ஓட்டிலிருந்து எண்ணெயும் எடுக்கும் தொழில்.

"அம்மா, எண்ணெய் எடுத்த ஓடு கொஞ்சம்..."

"என் தம்பிகிட்டயா? ஆவாது. சூளையும் ஆவாது."

இரண்டு நாள் கழித்து ஒரு மினி லாரி வந்து பின்பக்கம் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயிற்று. ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டேன். ஓடு பிசுபிசுவென்று இருந்தது. எண்ணெய் எடுக்காத ஓடு. அதைக் கனலவிட்டால் வாயுவோடு தாரும் புகையும் வரும் என்பது பாடத்திலேயே இருந்தது. அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, இந்த ஓடு..."

"எந்த ஓடு?"

"பின்னாடி இறக்கியிருக்கிறது."

"நான் ஒண்ணும் வரவழைக்கலியே."

வரவழைக்கவில்லை என்று சொல்பவரிடம் மாற்றித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? நடந்தது என்ன என்பது பிறகு தெரிந்தது. "நல்ல ஓடா பாத்து அனுப்புடா" என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் நல்ல ஓடு என்றால் எண்ணெய் நிறைந்த ஓடு. ஏழுமலையும் அதையேதான் சொன்னார். "சார், இது ஏ ஒன்னு சரக்கு. எங்க வூட்டு அடுப்புல ரெண்டு போட்டா போதும், சூடம் மாதிரி பிடிக்கும்."

காற்றைச் சற்றுக் கூட்டினால் தார் எரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சூளைக்குள் மூளியான ஃபியூஸ் கட்டைகளை மட்டும் வைத்துச் சோதிப்பதாகத்தான் ஏற்பாடு. காலையில் வந்து பார்த்தால், அந்த ஆண்டுக் குடில் பொம்மைகள் மொத்தமும் கிளேஸ் பூசி உள்ளே அடுக்கியிருந்தது.

"யாருங்க வச்சது?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

"அம்மாதான். படிப்புக்கு எரிக்கிற சூளையில ஓட்ட ஒடசல வச்சா நல்லாவா இருக்கும்னாங்க. நான் சொன்னதா சொல்லாதீங்க."

பற்றவைத்தோம். வெப்பம் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. ஆனால் சுவாலை நீலமாக இல்லை. மஞ்சளாக, நுனியில் கரி கக்கிக்கொண்டிருந்தது. காற்றைக் கூட்டியும் அடங்கவில்லை. தொண்டையைக் கமறும் புகை. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். கரி எரிந்து தீர்வதற்குள் கிளேஸ் இளகிவிட்டது. இளகிய கிளேஸ் தனக்குள் கரியைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் சூளையைத் திறந்தோம். ஆடுகள் எல்லாம் சாம்பல் நிறம். மாதாவின் நீல அங்கி மழைமேகம்போல் இருந்தது. யோசேப்பின் வெள்ளைத் துண்டு நன்றாகப் புகைந்திருந்தது.

அம்மா வந்தார். ஒரு ஆட்டை எடுத்துச் சுண்டினார். கணீரென்றது. "சத்தம் நல்லாத்தான் இருக்குது" என்று கீழே வைத்தார்.

"அம்மா, இன்னொரு தடவ எரிக்க விட்டீங்கன்னா..." என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆவாது என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். அந்த ஆண்டுகளில் நான் உண்மையாகவே பயந்தது அன்றைக்குத்தான். பருவம் முடிய அதிக நாள் இல்லை. அந்தச் சூளையில்லாமல் எனக்கு வேறு வழியும் இல்லை.

அன்று மாலையே ஃபாதர் பொம்மைகளைப் பார்க்க வந்துவிட்டார். மறைத்து வைக்க நேரமில்லை. அம்மா மேசையருகில் எழுந்து நின்றார். அவர் யாருக்காகவும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"ஃபாதர், இது எல்லாம் கெட்டுப்போச்சி. வேற செஞ்சு தரேன்."

ஃபாதர் ஒரு ஆட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம பக்கத்துல எந்த ஆடு வெள்ளையா மேயுது? கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுல போயி பாருங்க. இத்தன வருஷம் நீங்க குடுத்தது பஞ்சு. இப்பதான் ஆடு ஆடா இருக்குது." பிறகு யோசேப்பை எடுத்தார். "இவரு மட்டும் கொஞ்சம் அடுப்பூதிட்டு எழுந்து வந்த மாதிரி இருக்காரு. பரவால்ல, வூட்டு வேல செஞ்சிருப்பாரு."

"வெளயாடாதீங்க ஃபாதர். வேற தரேன்."

"வேற ஆவாதும்மா" என்றார் ஃபாதர். "எனக்கு இதான் வேணும். டீ சொல்லுங்க."

அம்மா சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னா கேட்ட? இன்னொரு தடவயா? ஆவாது."

எனக்கு மூச்சு வந்தது. மறுநாளே எண்ணெய் எடுத்த ஓடு, காய்ந்து சலசலவென்று, வந்து இறங்கியது. இந்தத் தடவை சுவாலை நீலமாக நின்றது. உள்ளே வைத்த ஃபியூஸ் கட்டைகள் வெள்ளையாக வந்தன. இரண்டு எரிப்புகளையும், முதலாவது ஏன் கெட்டது என்பதையும், சாம்பல் ஆடுகளின் படத்தோடு எழுதி அனுப்பினேன். வகுப்பில் இரண்டாவதைவிட முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பிரேசில்காரப் பெண் தமக்கு ஒரு ஆடு வேண்டும் என்று எழுதியிருந்தார்.

பட்டம் மின்னஞ்சலில் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். திரையையும் ஒரு சுண்டு சுண்டினார்.

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குள் குழப்பம் ஆரம்பித்தது. எனக்கு விருத்தாசலம் தவிர வேறு ஊர் தெரியாது. மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். என் மனைவி, "போங்க, நாங்க பின்னாடியே வரோம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் தெளிவில்லை. இரண்டு வருஷம் இடம் கொடுத்து, சூளை கொடுத்துப் படிக்கவைத்தவரை விட்டுப் போவது சரியா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். அந்த யோசனையில் நன்றி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் முடிவு செய்துகொண்டு அம்மாவிடம் போனேன்.

"அம்மா, நான் போவல. இங்கயே இருந்துடுறேன். நம்ம பெரிய சூளையையும் ஓட்டு வாயுவுக்கு மாத்திடலாம்."

இந்தத் தடவை நான் முழுதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஆவாது" என்றார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. கோயம்புத்தூருக்கு வர இயலவில்லை என்று எழுத வேண்டிய மின்னஞ்சலை மனத்துக்குள் எழுதிக்கொண்டே கிளேஸ் கலக்கப் போனேன். மாலைவரை ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் என் மேசையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்க்காரப் பெண். வேதியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவளாம்.

"இதுக்கு கிளேசு கலக்கறத சொல்லிக் குடுத்துரு" என்றார் அம்மா.

அன்று முழுதும் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் ஏன், எதற்கு என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். கம்பெனி விடும் நேரத்தில் அம்மாவிடம் போனேன். ஆபீஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருந்தேம்மா."

"என்னாத்த?"

"நீங்க மாத்துவீங்கன்னு."

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். வழக்கமான அதே முகம். ஆனால் கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை.

"நான் எப்பப்பா சொன்னத மாத்தியிருக்கேன்?" என்றார். "காலையில சேலம் பஸ்ஸு ஆறு மணிக்கே கெளம்பிடும். வூட்டுக்குப் போயி துணிய எடுத்து வை, போ."